சாம்புவும் மற்றப் புத்தகங்களும்: தேவனை வாங்கி வாசிக்கப் போகிறவர்களுக்கு

துப்பறியும் கதைக்குள் பகிடியைச் சேர்க்க லேசான வழி ஒன்று உண்டு. மூளைசாலி ஒருவர் துப்பறிவார், அவருக்குப் பக்கத்தில் வாய் நீண்ட ஒருவர் நிற்பார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் அப்படித்தான். வசந்த் அடிக்கும் பகிடிகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டாலும் கொலைகாரன் பிடிபடுவான். எழுத்தாளர் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ கதைகளில் அந்த வெட்டு வேலை செல்லாது. பகிடியை எடுத்தால் கள்ளன் தப்பிவிடுவான்.

காரணம், சாம்பு உண்மையிலேயே ஒரு அசடு. நாற்பதைக் கடந்த வங்கி இலிகிதர், வழுக்கைத் தலை, நீண்ட மூக்கு. எந்த வழக்கிலும் அவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பயத்தாலோ பசியாலோ மறதியாலோ அவர் செய்யும் பிழையான காரியம் குற்றவாளியின் மடியில் போய் விழுகிறது. 1942இல் தேவன் ஆனந்த விகடனின் பொறுப்பை ஏற்ற காலத்தில் தொடங்கிய இந்த வரிசையில் மொத்தம் 50 கதைகள். ஐம்பதிலும் சாம்பு ஜெயிக்கிறார், ஒன்றிலும் தன் மூளையால் ஜெயிக்கவில்லை.

இதை ‘அதிர்ஷ்டக்கார முட்டாள் கதை’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இன்ஸ்பெக்டர் கோபாலனைக் கவனிக்காதவர்கள். கதையின் அச்சாணி அந்த ஆள்தான். சாம்பு தடுக்கி விழுந்து கள்ளனைப் பிடித்த பிறகு, அவர் ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த மாதிரி விழுந்தார் என்று கோபாலன் விளக்கம் சொல்வார். அந்த விளக்கம் அப்பழுக்கில்லாத தர்க்கம். துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தில் வழக்கமாக வரும் விரிவுரை இங்கேயும் வருகிறது. அதைத் துப்பறிந்தவர் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சாம்பு வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அதுவும் அடக்கமாகிப் போகிறது.

தேவனின் கதை ஒன்றை இங்கே அவிழ்த்துக் காட்டினால் வாசிக்கப் போகிறவருக்குச் சுவை கெட்டுவிடும். ஆகவே அவர் எழுதாத ஒன்றை அவருடைய அச்சிலேயே வார்த்துப் பார்ப்போம்.

நல்லூர்த் தேர், இருபத்துநாலாம் நாள். சனத்துக்குள் ஒரு அம்மாவின் சங்கிலி அறுபடுகிறது. வீதித்தடையில் பொலிசார் ஆளை ஆள் சோதிக்கிறார்கள். அறுத்தவன் சங்கிலியைத் தன் செருப்பின் குதிக்கட்டைக்குள் திணித்து, காசுக்குச் செருப்புப் பார்க்கும் கொட்டிலில் அதைக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு பக்தனாகிவிடுகிறான். அவனுக்குக் கிடைத்த துண்டு 99. நம்முடைய ஆளுக்குக் கிடைத்தது 66. அவருக்குக் காலையிலேயே மூக்குக்கண்ணாடி உடைந்து, அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டியாயிற்று. கச்சான்காரனிடம் கச்சான் வாங்கிவிட்டு, சனம் தள்ளியதில் காசு கொடுக்காமலே வந்தும்விட்டார். திரும்பும்போது துண்டைத் தலைகீழாக நீட்டுகிறார். கொட்டில்காரப் பொடியன் 99ஐ எடுத்துக் கொடுக்கிறான். செருப்பு ஒரு விரல் பெரிது. சுடு மணலில் நடந்து கால் சுருங்கிவிட்டதாக்கும் என்று மாட்டிக்கொண்டு நடக்கிறார். பின்னால் ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வருகிறான். கச்சான் காசு கேட்டு வருகிறான் என்று இவர் ஓட்டம் எடுக்கிறார். கண் தெரியாமல் ஓடியவர் பொலிஸ் காவலரணுக்குள் போய் விழ, குதிக்கட்டை கழன்று சங்கிலி வெளியே வருகிறது. இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்: “நாங்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்தம். நீங்கள் ஒருத்தர்தான் காலைப் பார்த்தனீங்கள்!” இவர் “கச்சான் காசு…” என்று முனகுகிறார். பரிசுப் பணம்கூட வேண்டாம், கச்சானுக்குக் காசிருந்தால் போதும் என்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனிதர்!

இதில் தற்செயல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கண்ணாடி உடைந்தது, துண்டு தலைகீழானது, கச்சான் கடன். முதலாவதும் மூன்றாவதும் கதை தொடங்கும்போதே வேறு காரணத்துக்காக, தன்னளவில் ஒரு பகிடியாக, சொல்லப்பட்டுவிட்டன. வாசகர் அவற்றைத் துப்பு என்று நினைப்பதில்லை. இனாமாக வந்த அதிர்ஷ்டம் அந்த 66 ஒன்றுதான். தேவனின் நல்ல கதைகளில் கணக்கு இப்படித்தான் நிற்கும்: கதைக்கு ஒரு இனாம், மிச்சமெல்லாம் முன்கூட்டியே கட்டிய காசு. சப்பென்று முடியும் கதைகளைத் திருப்பிப் பார்த்தால் அங்கே இரண்டு இனாம் இருக்கும், அல்லது கள்ளன் தானாக வந்து உண்மையைக் கக்குவான். ஐம்பதில் அப்படியும் சில உண்டு. மறைக்கத் தேவையில்லை.

பெரிய குறை வேறொன்று. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பத்துக் கதையை ஒரே இருப்பில் வாசித்தால் எலும்புக்கூடு வெளியே தெரிந்துவிடும். பதினோராவதில் சாம்பு எங்கே இடறுவார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மூக்கின் வர்ணனை, வழுக்கையின் வர்ணனை, மனைவி வேம்புவின் முன்னால் அவர் பம்முவது எல்லாம் திரும்பத் திரும்ப வரும். இது எழுத்தாளரின் சோம்பல் அல்ல. பத்திரிகையில் இதழுக்கு இதழ் காத்திருந்து வாசித்தவர்களுக்கும், அந்த இதழைத்தான் முதன்முதலில் கையில் எடுத்தவர்களுக்கும் சேர்த்து எழுதியது. தேவன் 1957 மே மாதத்தில் காலமானபோது அவருக்கு வயது 43. அவருடைய எழுத்து பெரும்பாலும் அவருக்குப் பிறகுதான் புத்தகமானது. அதாவது, புத்தகத்துக்காக உட்கார்ந்து வெட்டித் திருத்தும் வாய்ப்பு அந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மருந்து வாசகர் கையில்தான்: கிழமைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றைச் சத்தமாக வாசிக்கலாம். உரையாடல் காதுக்கு எழுதப்பட்டது. கண்ணைவிடக் காதில்தான் அதிகம் சிரிப்பு வரும்.

மொழி விஷயத்தில் யாழ்ப்பாண வாசகருக்கு ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் உண்டு. தேவனின் மனிதர்கள் பெரும்பாலும் பிராமண வீட்டுத் தமிழ் பேசுகிறவர்கள். “வாங்கோ”, “இருங்கோ”, “சொல்லுங்கோ” என்பார்கள். தமிழ்நாட்டில் அது ஒரு சாதியின் அடையாளமாகக் கேட்கும். இங்கே அது நம் வீட்டு வாசலில் கேட்கும் சாதாரண மரியாதை. முதல் பக்கத்திலேயே ஆட்கள் அந்நியமாகத் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். வில்லங்கம் உறவு முறைகளில் வரும். அத்திம்பேர் என்றால் அக்காவின் புருசன், நம்முடைய அத்தான். மன்னி அண்ணனின் மனைவி. மாட்டுப்பெண் மருமகள், மாட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆம்படையாள் மனைவி. “ஆத்திலே இருக்கார்” என்றால், ஆறென்று சொல்ல வழுக்கையாற்றை விட்டால் வேறொன்றில்லாத குடாநாட்டுக்காரர் திடுக்கிடத் தேவையில்லை, ஆள் வீட்டில் இருக்கிறார்.

காசுக் கணக்கும் அப்படித்தான். இந்தியா தசமக் காசுக்கு மாறியது 1957 ஏப்ரல் முதலாம் திகதி, தேவன் இறப்பதற்குச் சற்று முந்தி. ஆகவே அவருடைய உலகம் முழுவதும் அணாக் கணக்கு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இலங்கையில் 1872 முதலே ரூபாவும் சதமும்தான் என்பதால், அந்த நாளிலேயே விகடனை இங்கிருந்து வாசித்தவர்கள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வாசித்திருக்க வேண்டும். நாலணா என்றால் கால் ரூபாய், இரண்டணா பன்னிரண்டரைச் சதம். இதைத் தெரிந்து வைத்திருப்பது வீண் அல்ல. தேவனிடம் பாதிப் பகிடி காசில்தான் கிடக்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார், யார் கொடுப்பதுபோல் சட்டைப்பைக்குள் கையை விட்டார் என்பதை அவர் அணா தவறாமல் எழுதுவார்.

இனி மற்றப் புத்தகங்கள். சாம்புவோடு நின்றுவிடுகிறவர்கள்தான் கூட, அது அநியாயம்.

மர்மம் பிடித்தவர்கள் அடுத்ததாக எடுக்க வேண்டியது ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’. சாம்புவுக்கு நேர் எதிர்ப் புத்தகம். ஒரு கொலை வழக்கு, நீதிமன்றம், சாட்சிகள். ஓட்டம், துரத்தல், துப்பாக்கி எதுவும் கிடையாது. கதை முழுவதும் கேள்வி பதிலிலேயே நகர்கிறது. ஒரு சாட்சி முதல் விசாரணையில் அலட்சியமாகச் சொன்ன சிறு சங்கதி, குறுக்கு விசாரணையில் அவரையே வந்து கடிக்கும். சாம்பு கதைகளில் அதிர்ஷ்டத்தைப் பகிடியாக முன்கூட்டி நட்டுவைக்கிற அதே கை, இங்கே சாட்சியங்களை நட்டுவைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் இது தெரியும்.

இந்தப் புத்தகத்தில் சறுக்குவது ஏன் என்றால், பலர் இதையும் சாம்பு வேகத்தில் வாசிக்கிறார்கள். சாட்சிகள் கனக்க, பெயர்களும் கனக்க. பத்திரிகைத் தொடராக வந்தபோது கடந்த இதழைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தில் யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? அரைத் தாளை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு வரி: பெயர், எங்கே நின்றார், எத்தனை மணிக்கு, யாரைக் கண்டார். பாதிப் புத்தகத்தில் அந்தத் தாளைப் பார்த்தாலே எந்த இரண்டு மணி நேரங்கள் ஒத்துப்போகவில்லை என்று தெரியத் தொடங்கும். அதன் பிறகு புத்தகத்தை மூடி வைக்க மனம் வராது.

நீதிமன்றச் சடங்குகள் இலங்கை வாசகருக்கு அவ்வளவு புதிதல்ல, இரண்டும் பிரித்தானியர் விட்டுப்போன ஒரே மரபு. வக்கீல் என்ற இடத்தில் சட்டத்தரணி என்று வைத்துக்கொண்டால் சரி. இந்தப் புத்தகத்தில் வரும் யூரி முறை (பொதுமக்களில் சிலர் அமர்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்வது) இந்தியாவில் எப்போதோ போய்விட்டது, இன்றைய சென்னை வாசகர் அதைப் பழைய படத்தில் பார்த்தால்தான் உண்டு. இலங்கையில் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், கேட்டால் மேல் நீதிமன்றத்தில் ஏழு பேர் கொண்ட யூரர் சபை இன்னும் அமரலாம். இந்த ஒரு விஷயத்தில் புத்தகம் நமக்குச் சென்னைக்காரரைவிடக் கிட்ட.

‘ஸ்ரீமான் சுதர்சனம்’ வேறு மாதிரி. குறைந்த சம்பளக் குமாஸ்தா ஒருவர் கந்தோர்க் காசில் கை வைக்கிறார். கள்ளன் யார் என்ற கேள்வியே இல்லை, கள்ளனின் தலைக்குள்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். சம்பளமும் செலவும் முட்டிக்கொள்ளும் மாதக் கடைசிக் கணக்கை இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. பகிடி உண்டு, ஆனால் தொண்டையில் நிற்கும். அடகுக்கடை ரசீதை எங்கே ஒளித்து வைப்பது என்று ஒரு தடவையாவது யோசித்தவர்களுக்கு இந்தப் புத்தகம் கொஞ்சம் சுடும்.

‘ராஜத்தின் மனோரதம்’ வீடு கட்டுகிற கதை. மர்மம் ஒன்றுமில்லை, மதிப்பீட்டுத் தொகை எப்படி வளர்ந்துகொண்டு போகிறது என்பதை மர்மம் என்று எடுத்துக்கொண்டால் தவிர. சொந்த வீடு வேண்டும் என்ற ராஜத்தின் ஆசையைப் பிடித்துக்கொண்டு, காணி, திட்டப்படம், ஆட்கள், சாமான் என்று புத்தகம் போகும். நம்மூரில் அத்திவாரம் வெட்டி, மேசனையும் தச்சனையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் காணத் தவம் கிடந்தவர்கள் இதைப் பரிசாகக் கொடுத்தும் வாங்கியும் கொள்ளலாம். குடிபூரலுக்குக் குத்துவிளக்கு பத்து வரும், இது ஒன்றுதான் வரும்.

‘மிஸ்டர் வேதாந்தம்’ பெரிய நாவல். வசதியிழந்த இளைஞன், எழுத்தை நம்பிப் பிழைக்கப் பார்ப்பது, பத்திரிகை உலகின் கூத்துகள். நடுப்பகுதியில் கொஞ்சம் இழுவை உண்டு, ஆனால் சின்னப் பாத்திரங்கள் காப்பாற்றிவிடும். ‘கோமதியின் காதலன்’ ஆள்மாறாட்டக் கலாட்டா. 1955இல் டி. ஆர். ராமச்சந்திரன் நடித்துப் படமாகவும் வந்தது, பேருந்துப் பயணத்துக்கு ஏற்றது. ‘ஸி.ஐ.டி. சந்துரு’வில் துப்பறிகிறவருக்கு மூளை இருக்கிறது. சாம்புவுக்குப் பிறகு அதை வாசித்தால் என்னவோ ஒரு ஏமாற்றம். ‘லக்ஷ்மி கடாட்சம்’ நீளப் பிரியர்களுக்கு. ‘ஐந்து நாடுகளில் அறுபது நாள்’ பயண நூல், ‘விச்சுவுக்குக் கடிதங்கள்’ கடித வடிவம், ‘அப்பளக் கச்சேரி’ சிறு துணுக்கு வகை. இவை மூன்றும் தேவனுக்குப் பழகிய பிறகு எடுக்க வேண்டியவை. முதலில் எடுத்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றிவிடும்.

எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவான குறை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். உலகம் சின்னது. மயிலாப்பூர், மாம்பலம், ஒரு கந்தோர், ஒரு கோவில், ஒரு கல்யாண வீடு. அதற்கு வெளியில் இருக்கிற சனம் வண்டிக்காரனாகவோ வேலைக்காரியாகவோ எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பெண்களிடம் சாமர்த்தியம் இருக்கும், கதையை முடித்துவைக்கும் உரிமை இருக்காது. அந்தக் காலம் என்று மன்னிப்பவர்கள் மன்னிக்கலாம். வேம்பு தன் புருசனைப் பற்றி என்ன நினைத்தாள் என்று அவள் வாயாலேயே ஒரு கதை இருந்திருந்தால் ஐம்பதிலும் அதுதான் மேலாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வாங்குவது பற்றி. அல்லயன்ஸ், கிழக்கு இரண்டும் தேவனைப் பதிப்பித்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பூபாலசிங்கம் போன்ற கடைகளில் இந்தியப் புத்தகங்கள் வரும். தட்டில் இல்லாவிட்டால் பெயரையும் பதிப்பகத்தையும் எழுதிக் கொடுத்து எடுப்பித்துக்கொள்ளலாம். விலையைப் பார்க்கும் முறை இது: இந்திய ரூபாய் ஒன்று மூன்றரை இலங்கை ரூபாவை அண்டி நிற்கும்போது, அட்டையில் 400 என்றிருந்தால் வெறும் மாற்றுக் கணக்கே 1,400. அதன் மேல் ஏற்றுகூலியும் கடைப் பங்கும். யாராவது ஐந்தால் பெருக்கி 2,000 கேட்டால் கழிவு கேட்பதில் வெட்கமில்லை.

காசு கொடுக்க முன் சாம்புவின் பொருளடக்கத்தை எண்ணுங்கள். முழுத் தொகுப்பு என்றால் 50 தலைப்பு இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த கதைகளும் தனிப் பாகங்களும் அதே பெயரோடு தட்டில் இருக்கக்கூடும். முதுகைப் பாருங்கள், நூல் தையலா, வெறும் பசையா என்று. பசைக் கட்டென்றால் வீட்டுக்கு வந்ததும் நடுவில் பிளந்து திறக்கக் கூடாது. முதுகை மேசையில் நிறுத்தி, முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாறி மாறி விரலால் நீவிக்கொண்டு நடுவுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் காய்ந்த பசை ஒரே இழுவையில் வெடித்து, முப்பத்திரண்டாம் கதை தனியாகக் கழன்று கையில் வரும். மாரியில் சுவரோடு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள், ஈரம் ஏறினால் பூச்சியும் கறையானும் பின்னால் வரும்.

படத்தையும் கவனிக்க வேண்டும். சாம்புவின் முகத்தை முதலில் விகடனில் வரைந்தவர் ராஜு. பின்னால் கோபுலுவின் கோட்டில் படக்கதையாகவும் வந்தது. அந்த மூக்கும் காதும் இல்லாமல் வெறும் எழுத்தாக வாசிப்பது ஒரு கறி குறைந்த சோறு. மறுபதிப்பு எல்லாவற்றிலும் படம் இருக்கும் என்று நம்பாமல் உள்ளே தட்டிப் பாருங்கள்.

விகடன் பக்கங்களைக் கிழித்து, கோத்து, மட்டை போட்டுக் கட்டிய பழைய தொகுதிகள் இங்கே சில வீட்டு அலுமாரிகளில் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்தால் புதுப் பதிப்பு வாங்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள். படம், அந்தக் கால விளம்பரம், அடுத்த இதழ் அறிவிப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். தாள் பொடிந்தால் ஓரத்தில் மெல்லிய தாளை மாப்பசையால் ஒட்டி, புத்தகம் கட்டுகிறவரிடம் நூல் தையல் போடச் சொல்லலாம். செலோரேப் மட்டும் வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகிக் கசிந்து, சாம்புவின் மூக்கைக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பக்கத்துப் பல்பொடி விளம்பரத்தோடு ஒட்டிவிடும்.